பெயரே காட்டாத வைஃபை

கேள்வி: எட்டு வருஷப் பழைய ரவுட்டருக்கு ஃபர்ம்வேர் (அதற்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் போட்டேன். அதிலிருந்து போனில் வைஃபை வருகிறது. கடை லேப்டாப்பில் அதன் பெயரே காட்டுவதில்லை. புதுசு வாங்க வேண்டுமா, அண்ணா?
– ஏலக்காய்க் கடை வாசகி, குமுளி

பதில்: வாங்கிவிடாதீர்கள் தங்கச்சி. பெயரே காட்டவில்லை என்றீர்களே, அதுதான் துப்பு. அப்டேட்டில் சேனல், அதாவது வைஃபை ஓடும் அலைவரிசையின் எண், 'ஆட்டோ'வுக்கு மாறி, 12 அல்லது 13இல் போய் உட்கார்ந்திருக்கலாம். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் நம் நாட்டில் 13 சேனல்கள் உண்டு. அமெரிக்காவில் விற்கும் லேப்டாப்புகள் பல 11 வரைதான் தேடும். கம்பத்தில் என் மச்சான் வீட்டில் இதே கதை. அவர் மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த லேப்டாப். சேனலை 6இல் நிறுத்தினேன், டீ ஆறுவதற்குள் பெயர் வந்துவிட்டது.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் 192.168 என்று தொடங்கும் எண் இருக்கும். அதைப் போன் பிரவுசரில் அடித்து, வயர்லெஸ் பக்கத்தில் சேனலை 1, 6, 11இல் ஒன்றாக வையுங்கள். அதே பக்கத்தில் சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும்.

பெயர் வந்தும் இணையவில்லையா? பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2 ஆக்குங்கள். பழைய லேப்டாப்புகளுக்கு டபிள்யூபிஏ3 தெரியாது.

அதற்கும் மசியவில்லை என்றால் ரீசெட், அதாவது ரவுட்டரைப் புதிதாக வந்த நிலைக்கே திருப்புவது. ஆனால் அதற்கு முன், இணைப்பு கொடுத்தவர்களிடம் யூசர்நேமும் பாஸ்வேர்டும் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரீசெட்டில் ரவுட்டருக்குள் பதிந்திருக்கும் அவையும் அழிந்துவிடும். அப்புறம் போனிலும் நெட் வராது. மின்சாரம் ஓடும்போதே பின்பக்கத் துளையில் ஊக்கு முனையை விட்டு, விளக்குகள் எல்லாம் ஒன்றாக மின்னும் வரை, பத்து விநாடி போல அழுத்துங்கள்.