பொறியியல் மாணவர் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்டை எங்கிருந்து தொடங்கலாம்?

மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே சான்றிதழ் வாங்கிவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரமே இல்லை. அனுபவம் உள்ளவர்களுக்கான ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் சான்றிதழான பிஎம்பி (PMP) தேர்வுக்குப் பட்டதாரிகளே 36 மாதம் திட்டங்களை வழிநடத்திய அனுபவம் காட்ட வேண்டும். தொடக்க நிலைச் சான்றிதழான சிஏபிஎம் (CAPM) என்றால் 23 மணி நேரப் பயிற்சியோடு எழுதலாம். அதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் உங்கள் கல்லூரி ப்ராஜெக்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்சார் கருவி செய்கிறீர்கள் என்று வைப்போம். சர்க்யூட் வரைய ஒரு வாரம், பிசிபி (பாகங்களைப் பொருத்தும் சர்க்யூட் பலகை) செய்து வர மூன்று வாரம், பாகங்களைப் பொருத்த ஒரு வாரம், சோதனைக்கு ஒரு வாரம். கூடவே நடக்கும் கோடிங்குக்கு இரண்டு வாரம். மொத்தம் ஆறு வாரம். சோதனைக்கு முன் முடிந்தால் போதும் என்பதால், கோடிங் மூன்று வாரம் தள்ளிப்போனாலும் ஒன்றும் ஆகாது. பிசிபி மூன்று நாள் தாமதமானால் எல்லாமே மூன்று நாள் தள்ளும். 1950களின் பிற்பகுதியில் உருவான கிரிட்டிகல் பாத் முறையின் (மொத்த நாட்களைத் தீர்மானிக்கும் வேலைச் சங்கிலியைக் கண்டுபிடிப்பது) அடிப்படை இவ்வளவுதான். ஆனால் பெரும்பாலான மாணவர் குழுக்கள் கோடிங்கைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டு, பிசிபி ஆர்டரைக் கடைசியில்தான் போடுகின்றன!

மென்பொருள் எது என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், எக்செல் போதும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒருவர் பெயர், ஒரு தேதி. "எல்லாரும் பார்த்துக்கொள்வோம்" என்று விட்ட வேலையை யாரும் பார்ப்பதில்லை. நீங்கள் போட்ட கணக்கையும் உண்மையில் ஆன நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். வேலை நேர்காணலில் சான்றிதழை விட அந்தத் தாளைப் பற்றிப் பேச உங்களுக்கு நிறைய இருக்கும்.