பணியிடத்தில் மாற்றுத்திறனாளிகள்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பின்னலாடை நிறுவனத்தின் வாசலில் மூன்று படிகள் உள்ளன. சாய்தளம் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? (மேலாளர், திருப்பூர்)

பதில்: படி ஒன்றுக்கு 15 செ.மீ. என்று கொண்டால் மொத்த உயரம் 45 செ.மீ. ஆகும். உயரத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு நீளம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விகிதமாதலால், சாய்தளம் 5.4 மீட்டர் நீள வேண்டும். இடமில்லை என்று இரண்டு மீட்டரில் முடித்துவிட்டால், சக்கர நாற்காலியில் வருபவரைப் பின்னாலிருந்து ஒருவர் தள்ளினால்தான் ஏற முடியும். இறங்கும்போதோ நாற்காலி கைக்கு அடங்காமல் ஓடும். நேராக நீட்ட இடமில்லையெனில் சுவரை ஒட்டித் திருப்பிக் கட்டி, திருப்பத்தில் நாற்காலி சுழலும் அளவுக்குச் சமதளம் விடுங்கள். மழை நாளில் வழுக்கும் கிரானைட் கல்லைத் தவிர்த்து, இருபுறமும் கைப்பிடி வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒருவரை அழைத்து இடத்தைக் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: கணக்குப் பிரிவில் பார்வையற்ற ஒருவர் சேர்ந்துள்ளார். எந்த மென்பொருள் வாங்கலாம்? (மனிதவள அலுவலர், கோயம்புத்தூர்)

பதில்: அவரிடம் கேட்டீர்களா? திரையில் உள்ள எழுத்தைக் குரலாகப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள் ஒன்றை அவர் ஏற்கெனவே பழகியிருப்பார்; என்விடிஏ போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. உண்மையான தடை உங்கள் சுற்றறிக்கைகளில் இருக்கக்கூடும். கையொப்பமிட்ட தாளை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக அனுப்பினால், திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். தட்டச்சு செய்த மூலக் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.

கேள்வி: எங்களிடம் பதினைந்து பேர்தாம் வேலை செய்கிறார்கள். சட்டம் எங்களுக்குப் பொருந்துமா? (அச்சக உரிமையாளர், சிவகாசி)

பதில்: பொருந்தும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட்டு, அதன் நகலை மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். இருபது பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களில் தொடர்பு அலுவலர் நியமனம் உள்ளிட்ட கூடுதல் விவரங்களும் அதில் இடம்பெற வேண்டும்.

கேள்வி: குறைபாடு 40 சதவீதம் என்னும் சான்றிதழ் இல்லாதவருக்கும் வசதி செய்து தர வேண்டுமா? (பலர்)

பதில்: அரசு வேலையில் 4 சதவீத இட ஒதுக்கீடு போன்றவற்றுக்குத்தான் அந்த 40 சதவீத வரம்பு. தேவைக்கேற்ற வசதியை மறுப்பதே பாகுபாடு என்று சட்டம் வரையறுக்கும்போது அந்த வரம்பைக் குறிப்பிடவில்லை. எழுதும்போது கைத்தசை பிடித்துக்கொள்ளும் குறைபாடுள்ள குடிமைப் பணித் தேர்வர் ஒருவருக்கு, வரம்பைக் காட்டி, சொல்லச் சொல்ல விடையை எழுதித்தரும் எழுத்தரின் உதவி மறுக்கப்பட்ட விகாஷ் குமார் வழக்கில், 2021இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது.

கேள்வி: இப்படிச் சலுகையை அள்ளிக் கொடுத்தால் உழைத்துப் படித்தவனுக்கு என்ன நியாயம்? (வாசகர், மதுரை)

பதில்: எழுத்தர் எழுதத்தான் செய்கிறார், விடையைச் சொல்பவர் தேர்வர். தேர்வு அளக்க வந்தது அறிவையா, விரல்களின் வலுவையா?

கேள்வி: தேர்வை விடுங்கள். தையல் பிரிவில் எல்லோருக்கும் ஒரே இலக்கு அல்லவா? (அதே வாசகர்)

பதில்: இலக்கைக் குறைக்கச் சொன்னது யார்? இடைவேளை மணி காதில் விழாத தையல்காரருக்கு மணியோடு ஒரு விளக்கும் எரியட்டும் என்கிறோம். அந்த விளக்கால் பக்கத்து இயந்திரத்தில் இருப்பவர் தைக்கும் சட்டை ஒன்று குறையுமானால் சொல்லுங்கள், விவாதத்தைத் தொடரலாம். விளக்கை எங்கே பொருத்துவது என்பதையும் அந்தத் தையல்காரரிடமே கேளுங்கள்.

கேள்வி: சான்றிதழ் 35 சதவீதமாக இருந்தால்? (வாசகர், சேலம்)

பதில்: மேலே 40 சதவீதக் கேள்விக்குத் தந்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுத்தால் வரிச்சலுகை உண்டா? (வணிகர், ஈரோடு)

பதில்: உங்கள் பட்டயக் கணக்காளரைக் கேளுங்கள்.

கேள்வி: தனிக் கழிவறை கட்டிவிட்டோம், இதுவரை ஒருவரும் பயன்படுத்தவில்லை. கட்டியது வீணா? (நிர்வாக அலுவலர், சென்னை)

பதில்: கதவைத் திறந்து பாருங்கள். நான் பார்வையிட்ட பல அலுவலகங்களில் அதற்குள் துடைப்பமும் பினாயில் கேன்களும் காலி அட்டைப்பெட்டிகளும் இருந்தன. சாவி காவலாளியிடம் இருந்தது. அவசரத்தில் வரும் ஒருவர் காவலாளியைத் தேடிப் போய் அனுமதி கேட்க விரும்ப மாட்டார். பொருள்களை அகற்றி, வெளிப்பூட்டையும் கழற்றிவிடுங்கள்.