மின்கம்பியில் பீங்கானுக்குப் பதில் சாம்பல் நிற ரப்பர் இன்சுலேட்டர் (மின்சாரம் கம்பத்துக்குப் பாயாமல் தடுப்பது) மாட்டுகிறார்களே, தாங்குமா?

மேலூர்ப் பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். தாங்கும். வெளியே தெரியும் சிலிக்கோன் ரப்பர் வெறும் சட்டைதான். கம்பியின் இழுவையைத் தாங்குவது உள்ளே இருக்கும் தண்டு. கண்ணாடி இழையை எபாக்சி பிசினில் தோய்த்துச் செய்தது. எடையும் பீங்கானைவிட மிகக் குறைவு.

சங்கதியே தூசியில்தான் இருக்கிறது. பீங்கான் மேல் குவாரித் தூசி, லாரிப் புழுதி எல்லாம் படியும். மார்கழிப் பனியில் அதிலுள்ள உப்பு கரைந்து, ஈரம் படலமாகப் பரவி, மின்சாரம் கசியப் பாதை போட்டுவிடும். (அடைமழை பரவாயில்லை, கழுவிவிட்டுப் போய்விடும்.) சிலிக்கோனிலோ தண்ணீர் தாமரை இலையில் நிற்பதுபோல முத்து முத்தாகத்தான் நிற்கும். தூசி மூடினாலும், ரப்பருக்குள் இருக்கும் எண்ணெய் போன்ற சிறு மூலக்கூறுகள் மெல்ல மேலேறி, அந்தத் தூசியையும் நீர் ஒட்டாததாக்கிவிடும். பீங்கானுக்கு இந்த வித்தை தெரியாது.

குறை இல்லாமல் இல்லை. தண்டின் முனையில் உள்ள உலோக மூடி அருகே ரப்பர் கிழிந்து ஈரம் உள்ளே போனால், அங்கே உண்டாகும் அமிலம் கண்ணாடி இழையை அரித்துவிடும். அப்புறம் ஒரு நாள் தண்டு பட்டென்று முறியும். இந்த அரிப்பு கீழிருந்து பார்த்தால் சுலபத்தில் தெரியாது. அதனால் மாட்டும்போதே ரப்பரைக் கீறாமல் கையாள வேண்டும்.