வீட்டிலேயே கிற்றார் எக்ஸ்பிரஷன் பெடல்: கேள்வி பதில்

அண்ணை, காலால மிதிச்சு எபெக்ற்றைக் கூட்டிக் குறைக்கிற எக்ஸ்பிரஷன் பெடல் ஒண்டை, 10கே (10 கிலோ ஓம்) பொற், அதாவது தண்டைச் சுத்தி அளவு மாத்துற றெசிஸ்ரர், போட்டுச் செய்தன். மிதிச்சா கடைசி அரை அங்குலத்திலதான் டிலே (எதிரொலி) கூடுது. பொற் பழுதோ?

பழுதில்லை தம்பி, வகை பிழை. பொற்றின்ர முதுகைத் திருப்பிப் பாருங்கோ, ஏ10கே எண்டு இருக்கும். அது வொலியூமுக்கான லொக் வகை, முதலில மெல்லக் கூடிக் கடைசியில கெதியாக் கூடும். உங்களுக்கு வேண்டியது பி10கே, லீனியர், சுத்துற அளவுக்கு ஒரே சீராக் கூடுறது. எழுத்து அழிஞ்சிருந்தால் தண்டை நடுவில நிப்பாட்டி, பொற்றின்ர மூண்டு காலில நடுக்காலுக்கும் ஒரு ஓரக்காலுக்கும் இடையில மல்ரிமீற்றரை வையுங்கோ. 5 கிலோ ஓமுக்குக் கிட்டக் காட்டினால் லீனியர்.

வயர் எப்பிடிக் கொடுக்கிறது?

கால் அங்குல ஸ்ரீரியோ சொக்கற். நடுக்கால் ரிப்புக்கு (பிளக் முனை தொடுற தகடு), ஓரக்கால்கள் றிங்குக்கும் (நடு வளையம் தொடுறது) சிலீவுக்கும் (அடி உடம்பு தொடுறது). பொஸ், றோலண்ட் கொம்பனிக் கருவிகளுக்கு இப்பிடித்தான். யமஹா, கோர்க் எண்டால் ரிப்பையும் றிங்கையும் மாத்த வேணும். நடுக்கால் வயரில 1 கிலோ ஓம் றெசிஸ்ரர் ஒண்டைத் தொடராப் போடுங்கோ. பிளக் உள்ளே போகேக்க அதின்ர முனை மற்றத் தகடுகளை உரசும். அந்த நேரம் ஷோர்ட் ஆகாமல் அது காக்கும். மோனோ வயர் பாவிக்க வேண்டாம், றிங்கும் சிலீவும் ஒட்டிப்போகும்.

பொற் 270 பாகை சுத்துது, மிதிபலகை 18 பாகைதான் ஆடுது. பல்சக்கரம் கிடைக்கேல்லை.

வேலையே இதிலதான் இருக்கு; வயர் பத்து நிமிஷத்தில முடியும். பல்சக்கரம் தேவையில்லை. தச்சரின்ர வில் துறப்பணம் சுத்துமே, அதே முறைதான்.

மிதிபலகை ஆடுற அச்சிலயிருந்து 40 மில்லிமீற்றர் முன்னுக்கு, மிதிபலகைக்குக் கீழே ஒரு சட்டத்தைச் செங்குத்தாத் தொங்க விடுங்கோ. அதின்ர மேல் நுனியிலயிருந்து கீழ் நுனிக்கு நூலை இழுத்து, நடுவில பொற் தண்டைச் சுத்தி இரண்டு சுத்து. 18 பாகை ஆடினால் சட்டம் பன்னிரண்டரை மில்லிமீற்றர் இறங்கும். 6 மில்லிமீற்றர் தண்டின்ர சுற்றளவு கிட்டத்தட்ட 19. ஆகவே தண்டு 240 பாகை சுத்தும், இரண்டு பக்கமும் 15 பாகை மிச்சம் நிக்கும். அந்த மிச்சம் கட்டாயம் வேணும். பலகையை றப்பர்க் கட்டை நிப்பாட்ட வேணும், பொற்றின்ர உள்முட்டு இல்லை. முழுப் பாரமும் அதில விழுந்தால் கெதியில உடையும்.

ஒற்றை நைலோன் இழுபடும், வழுக்கும். யாழ்ப்பாணத்தில குருநகர்ப் பக்கம் தூண்டில் சாமான் கடையில பின்னல் நூல் கேளுங்கோ. கீழ் முடிச்சில பேனைச் ஸ்பிரிங் ஒண்டைக் கோர்த்தால் நூல் தளராது.

கால் எடுத்த உடனே பலகை விழுது.

அச்சு ஆணியை நைலோன் நட்டால இறுக்கி, இரண்டு பக்கமும் பிளாஸ்ரிக் வாசர் வையுங்கோ. விட்ட இடத்தில நிக்கும்வரை இறுக்கினால் போதும்.

பனம்பலகை பாவிக்கலாமோ?

அடிக்கட்டைக்கு நல்லது, பாரமாய் அசையாமல் கிடக்கும். ஓரத்தில துளை போட்டால் நார் பிரியும். மிதிபலகைக்கு 12 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகைதான் என்ர தெரிவு.

குதியை அழுத்தினா சத்தம் கூடுது, முன்னுக்கு அழுத்தினா குறையுது அண்ணா.

ஓரக்கால் வயர் இரண்டையும் மாத்திச் சூடு வையுங்கோ தங்கச்சி. பிறகு கருவியில கலிபிரேசன் (பெடலின்ர இரண்டு எல்லையையும் கருவிக்குக் காட்டுறது) செய்யுங்கோ.

கொஞ்ச நாளில மதிப்புத் துள்ளுது.

உப்புக் காத்தும் தூசியும் பொற்றுக்குள்ள இருக்கிற கரித்தடத்தில படியும். கொன்ரக்ற் கிளீனர் அடிச்சுத் தண்டை முப்பது தரம் சுத்திப் பாருங்கோ. அதுக்கும் துள்ளினால் தடம் தேய்ஞ்சிட்டுது, பொற்றை மாத்துங்கோ.