ஒரே ஹோலில் பத்து மேசை: கோல் சத்தத்துக்குக் கண்ணாடித் தடுப்பு சரிவருமா?

ரைல்ஸ் தரையும் வெறும் சீமெந்துச் சுவரும் உள்ள ஒவ்வீஸ் ஹோலில ரெலிபோன் கோல் சத்தம் கூட, மேசைகளுக்கு நடுவில கண்ணாடித் தடுப்பு போடலாமோ எண்டு கேட்டிருந்தியள். கண்ணாடியில காசைக் கொட்டாதேங்கோ. மேசைக்கு நடுவில அரைத்தடுப்பு வைச்சாலும் ஹோல் இரைச்சல் பெரிசாக் குறையாது. கண்ணாடி சத்தத்தை உறிஞ்சாது, திருப்பித்தான் அடிக்கும்.

நீங்கள் சொன்ன ரைல்ஸ் தரையும் வெறும் சீமெந்துச் சுவரும்தான் அனேகமாகக் காரணம். ஆக்கள் இல்லாத நேரம் நடுவில நிண்டு ஒருக்காக் கை தட்டிப் பாருங்கோ. சத்தம் இழுபட்டால் எதிரொலிதான்.

சீலிங்கிலயும் கோல் கதைக்கிற பக்கச் சுவரிலயும் 50 மி.மீ. ரொக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கின பஞ்சு) பலகை அடியுங்கோ, மேல காத்துப் போற துணி. பின்னால 50 மி.மீ. இடைவெளி விட்டால் தடிச்ச குரலும் அடங்கும். மலிவெண்டு ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பலகை) ஒட்டிப்போடாதேங்கோ: சத்தமும் உறிஞ்சாது, நெருப்பும் சுறுக்காப் பிடிக்கும்.

ஆனால் பக்கத்து மேசைக் கதை நேராக் காதில விழுறதை இது நிப்பாட்டாது. கோல் எடுக்கிறவையை ஒரு மூலைக்கு மாத்துங்கோ. கணக்குப் பாக்கிறவை மற்றத் தொங்கலில இருக்கட்டும். ஒண்டா வேலை செய்யிறவையை மட்டும் பிரிச்சுப்போடாதேங்கோ, திறந்த ஹோலின்ர பிரியோசனமே அதுதான்.