பேக்கேஜ் பெயர் கேட்பவர்களுக்கு: கேள்வி பதில்

பைதான் மொழியின் நிரல் தொகுப்புகள் (பேக்கேஜ்) சேரும் பைபிஐ களஞ்சியத்தில் நான் நினைத்த பெயர் வேறொருவரிடம் இருக்கிறது. நான்கு வருடமாக வெளியீடு இல்லை. எனக்குத் தருவார்களா?

வருடக் கணக்கு மட்டும் போதாது. பைபிஐ-யின் பெயர் விதியான பெப் 541-ன்படி 12 மாதமாக வெளியீடு இருக்கக்கூடாது, உரிமையாளரை எட்ட முடியக்கூடாது, திட்டப் பக்கத்திலும் அவர் நடமாட்டம் இருக்கக்கூடாது. நிர்வாகிகள் குறைந்தது 3 தடவை தொடர்புகொள்வார்கள், 6 வாரம் பார்ப்பார்கள். அதே திட்டத்தைத் தொடர்வதாக இருந்தால், நீங்களும் அவரிடம் கேட்டுப் பார்த்த விவரம் வேண்டும். வேறு திட்டத்துக்குப் பெயர் மட்டும் வேண்டுமென்றால், பழையதை யாரும் பயன்படுத்தவில்லை என்று டவுன்லோட் எண்ணிக்கை சொல்ல வேண்டும். ஏன் இத்தனை கெடுபிடி? எங்கோ ஒரு சர்வரில் ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் பெயரைத் தானாக இன்ஸ்டால் செய்யும் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும். பெயர் அதே, உள்ளே வருவது உங்கள் நிரல். அந்த சர்வர்க்காரர் உங்களை நம்பவில்லை, பழைய ஆளை நம்பினார்.

ஹைஃபனுக்குப் பதில் அடிக்கோடு போட்டால்?

அதே பெயர்தான். புள்ளியும் பெரிய எழுத்தும்கூட அங்கே வித்தியாசம் ஆகாது. நல்லதுதான். 2017-ல் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் களஞ்சியமான என்பிஎம்-மில் ‘கிராஸ்-என்வ்’ பெயரிலிருந்து ஹைஃபனை மட்டும் எடுத்துவிட்டு ஒருவர் போட்ட பேக்கேஜ், இன்ஸ்டால் செய்தவர்களின் என்விரான்மென்ட் மாறிகளை (கடவுச்சொல், சாவி போன்றவை இருக்கும் இடம்) திருடியது.

பெயரை இப்போதே பதிந்துவிட்டு, நிரலைப் பிறகு எழுதலாமா?

துண்டு போட்டு இடம் பிடிக்க இது பஸ் இல்லை.

என் பெயரும் ஒருவரிடம் சும்மா கிடக்கிறது, இரண்டு வருடமாக...

முதல் பதில்.

ஜூலியா மொழியின் களஞ்சியத்தில் மூன்றெழுத்துப் பெயர் நின்றுவிட்டதே?

தானாக இணைய குறைந்தது 5 எழுத்து வேண்டும். ஆள் பார்த்து அனுமதிக்கலாம், காரணம் எழுதுங்கள். புதுப் பேக்கேஜுக்கு எப்படியும் 3 நாள் காத்திருப்பு உண்டு.

முந்தியவருக்கே பெயரா? டெபியன் லினக்ஸில், ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்-ஸை ஒரு ரேடியோ நிரலுக்காக ஒதுக்கினார்களே!

அமெச்சூர் ரேடியோக்காரர்களிடம் ‘நோட்’ என்ற கட்டளை முன்பே இருந்தது. 2012-ல் தொழில்நுட்பக் குழு நோட்.ஜேஎஸ் கட்டளையை ‘நோட்ஜேஎஸ்’ என்று மாற்றச் சொன்னது. பழைய பெயர் வேண்டுபவர்களுக்குத் தனியாக ‘நோட்ஜேஎஸ்-லெகஸி’ வந்தது.

லட்சம் பேர் எங்கே, நாலு ரேடியோக்காரர்கள் எங்கே?

தலை எண்ணினால் பிரபலமானவர் கேட்ட பெயரெல்லாம் பிரபலமானவருக்கே. ஆளில்லாத ரேடியோ நிலையத்தில் கட்டளைப் பெயர் திடீரென மாறினால் நீங்கள் போய்த் திருத்துவீர்களா? ஆனால் எல்லா ஸ்கிரிப்டும் ‘நோட்’ என்றே அழைத்தபோது ஒரு லினக்ஸ் விநியோகத்தில் மட்டும் வேறு பெயர் என்பது, 2017-ல் அந்த முடிவு மாற்றப்படும் வரை, தினசரித் தலைவலியாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

உரிமையாளர் பதிலே போடவில்லை, எத்தனை நாள்...

ஆறு வாரம். முதல் பதில்.