இடமா வலமா சரிந்த கோடு: திகில் புனைவு பற்றிய கேள்வி பதில்

கோலாலம்பூரில் பல்கலைக்கழக மாணவர்களுக்குத் திகில் கதையும் ஊகப் புனைவும் கற்பிப்பவரிடம் வாசகர்கள் கேட்டவையும் அவர் தந்த பதில்களும்.

கிள்ளான் வாசகர்: சார், ரப்பர் தோட்டத்தில் நடக்கும் பேய்க்கதை ஒன்று எழுதினேன். வெள்ளைச் சேலை, தலைவிரி கோலம், நாய் ஊளை எல்லாம் வைத்தும் யாருக்கும் பயம் வரவில்லை. எங்கே பிழை?

சேலையை எடுத்துவிடுங்கள் தம்பி, நாயையும். உங்கள் கதையில் தோட்டம் இருக்கிறது, பால்வெட்டும் வேலை இல்லை. விடியுமுன் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), தலைவிளக்கு, உளி, வாளி. குளிர்ந்த வேளையில் மரத்துக்குள் அழுத்தம் கூடுதல், பால் நன்றாக இறங்கும். அதனால்தான் இருட்டில் போகிறார்கள். முந்தைய வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்துவிட்டுத்தான் புதிதாகச் சீவுவார்கள். கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே சரியும். பட்டைக்குள் பால்குழாய்கள் சற்றே சாய்ந்து ஓடுவதால் அப்படி வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும்.

இதை இரண்டு பத்தியில், அலுப்பாக, ஐந்தாறு மரங்களுக்குச் சொல்லுங்கள். ஏழாவது மரத்தில் காய்ந்த பால் ஏற்கெனவே உரிக்கப்பட்டிருக்கிறது. பால்வெட்டும் பெண் தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளட்டும்: பக்கத்து நிரைக்காரி தவறி வந்திருப்பாள். எட்டாவது மரத்தில் புதுக் கோடு, வலமிருந்து இடமாகச் சரிகிறது. அப்படி வெட்டினால் பால் குறைய வேண்டும். பால் வடியும் கிண்ணமான மங்கோ விளிம்புவரை நிறைந்திருக்கிறது. முதல் பிசகுக்குக் காரணம் இருக்க வேண்டும். இரண்டாவது பிசகு அந்தக் காரணத்தைக் கொன்றுவிட வேண்டும். பேயைக் காட்டுவதா வேண்டாமா என்பதெல்லாம் அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியது.

செந்தூல் விரிவுரையாளர்: 14 வாரப் பருவத்தில் இதைப் பாடமாக எப்படிப் பிரிப்பது?

முதல் 4 வாரம் வாசிப்பு மட்டும். ஐந்தாம் வாரம் 300 சொல்லில் ஒரே ஒரு காட்சி, ஏழாம் வாரம் 1,500 சொல்லில் முதல் வரைவு. எட்டு முதல் பன்னிரண்டு வரை பட்டறை, அதாவது மாணவர் கதைகளை வகுப்பே அலசுவது, கடைசி இரண்டு வாரம் திருத்தம். 2 மணி நேர வகுப்பில் மூன்று கதைக்கு மேல் எடுக்காதீர்கள், ஒன்றுக்கு 35 நிமிடம் போய்விடும். ஐந்து வாரத்துக்கு 15 கதை; பதினாறாவது மாணவரைச் சேர்த்தால் கணக்கு உதைக்கும்.

வழக்கமாகக் கெடுவது வாசிப்பு வாரங்கள்தான். நேரம் போதவில்லை என்று அதைச் சுருக்கினால், வருகிற வரைவெல்லாம் சினிமாவாக இருக்கும்: கதவு படாரென்று அடிக்கும், விளக்கு அணையும். திரையில் அதைச் செய்வது ஒலி. தாளில் 'படார்' வெறும் மூன்றெழுத்து. மதிப்பெண்ணில் 30 விழுக்காட்டைத் திருத்தக் குறிப்புக்கு ஒதுக்குங்கள், எதை ஏன் வெட்டினேன் என்று ஒரு பக்கம். கதை சுமாராக இருந்தாலும் கற்றுக்கொண்டவர் யார் என்று அதில் தெரிந்துவிடும்.

ஜெலுத்தோங் முதுகலை மாணவி: மிகைப்புனைவு பற்றி இலக்கியக் கோட்பாட்டாளர் தொதரோ சொன்னதைத் தோட்டத்துக் காவல் தெய்வமான முனியின் கதைகளுக்குப் பொருத்தலாமா?

அப்படியே பொருத்தினால் கிழியும். 1970இல் அவர் வைத்த அடிப்படை தயக்கம்: நடந்தது இயற்கையா, இயற்கை மீறியதா என்று வாசகர் முடிவு கட்டாமல் நிற்கும் நேரம். முனீஸ்வரர் கதை சொல்பவருக்கு அந்தத் தயக்கம் கிடையாது. முனி இருக்கிறார், அதில் பேச்சில்லை. எதற்குக் கோபம், என்ன படையல், யார் வாக்கை மீறியது என்பதில்தான் சந்தேகம். பரணி என்ற பழைய போர் இலக்கியத்தில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் காய்ச்சும்போதும் அதை நம்பலாமா என்ற கேள்வியே எழாது. அங்கே அருவருப்பும் சிரிப்பும் ஒரே பானையில் வேகின்றன. ஆகவே தயக்கம் எங்கே இடம் மாறியிருக்கிறது என்பதையே ஆய்வுக் கேள்வியாக வையுங்கள், முதல் இயலிலேயே சொல்லிவிடுங்கள். 'தமிழில் திகில் மரபு இல்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: மலாய்ப் பேயான பொந்தியானாக், நம் மோகினி, இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. மோகினி மயக்குபவள், பொந்தியானாக்கின் வேர் பிரசவச் சாவில் இருக்கிறது. 1900இல் ஸ்கீட் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் பதிவுசெய்த மலாய் வழக்கில் இறந்த தாய் லாங்சுயிர், செத்துப் பிறந்த குழந்தைதான் பொந்தியானாக். தாய் எழுந்து வராமல் தடுக்க வாயில் கண்ணாடி மணி, அக்குளில் முட்டை, உள்ளங்கையில் ஊசி வைப்பார்கள். இன்று மக்கள் வாயில் தாயே பொந்தியானாக் ஆகிவிட்டாள். 1957இல் அந்தப் பெயரில் வந்த படத்தை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.என். ராவ் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கலப்பு எங்கெல்லாம் நடந்திருக்கலாம் என்று தேட நல்ல துப்பு கிடைக்கும்.

பட்டர்வொர்த் ஆய்வாளர்: தோட்டத்துப் பெரியவர்களிடம் பேய்க்கதை சேகரிக்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வந்த பிறகே பதிவுக்கருவியைத் தொடுங்கள். முன்பே எடுத்த பேட்டியை ஆய்வில் சேர்க்க முடியாமல் போகும். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். 'பேய் இருக்கிறது என்று நம்புகிறீர்களா பாட்டி?' என்று கேட்டால் 'அதெல்லாம் சும்மாய்யா' என்று சிரித்துப் பேச்சை முடித்துவிடுவார். 'அது எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடு), யார் முதலில் பார்த்தது, மறுநாள் கிராணி (தோட்ட எழுத்தர்) என்ன சொன்னார்?' என்று கேளுங்கள்.

ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் ஒதுக்குங்கள். இடையில் வரும் மலாய்ச் சொல்லைத் தமிழாக்காமல் அப்படியே எழுதுங்கள். ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குப் போய்த் திரும்பாத ஆள் கதையில் பேயாக வந்தால், அங்கே கேள்வியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்காருங்கள். அவராகத் தொடர்ந்தால் தொடரட்டும், இல்லாவிட்டால் கருவியை அணைத்துவிடுங்கள்.

ஆயர் ஈத்தாம் வாசகி: அறிபுனை, ஊகப் புனைவு, எது சரி?

அறிபுனை அறிவியல் கதைக்கு. அதையும் திகிலையும் மாயக்கதையையும் சேர்த்துச் சொல்ல ஊகப் புனைவு. ஆய்வேட்டில் எதை எடுத்தாலும் கடைசிப் பக்கம்வரை அதையே எழுதுங்கள்.